லோரிக்குத் தண்ணி போட்ட பாதிப்பாதி

உலகத்தில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடிகாரன் என்று பெயரெடுத்தவர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தோட்டத்து லோரி டிரைவர் பாதிப்பாதி. குடித்தது அவருடைய லோரி. பெயர் கெட்டது அவருக்கு.

அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று, ஆள்பேர் எழுதும் செக்ரோலில் இருந்தது. சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நிற்பவர் விலாவில் இடித்து, "உங்களைத்தாண்ணே கூப்புடுறாங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதும் சந்தேகமாகத்தான் வருவார், வேறு யாருடைய சம்பளத்தையோ வாங்கப் போகிறவர் மாதிரி.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை போட, அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. புக்கிட் ரோத்தானை அடுத்த எங்கள் தோட்டத்தில் வேலையாட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தில் எங்கள் துரை தன் சொந்தப் பொறுப்பில் பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டார். பெட்ரோல் டிரம்முக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவிக்கு நான். ஆபீசில் நான் சின்னக் கிராணி. கணக்கு எழுதுவதைவிட பெட்ரோல் அளப்பதுதான் என் பிரதான உத்தியோகம்.

லோரி எங்கே போகிறது, எவ்வளவு தூரம் என்று துரை பார்த்து ஒரு சீட்டு எழுதுவார். சீட்டில் உள்ளதைத்தான் நான் அளப்பேன். பாதிப்பாதி அதை வாங்கிக்கொண்டு போய், கூடவே இன்னொரு டின்னிலிருந்து வேறொன்றையும் டேங்கில் ஊற்றுவார். அந்த வேறொன்று சாராயம்.

தென்னை இருக்கிற தோட்டத்தில் கள்ளுக்குப் பஞ்சமா? கள்ளுக்கடை மூடும் நேரத்தில் விற்காமல் மிஞ்சிய கள்ளை மண்ணில் கொட்டிவிடுவார்கள். அந்தப் புளித்த கள்ளைக் கெஞ்சி வாங்கி வந்து, கொப்பரை காயவைக்கும் சூளைக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டின்னையும் செப்புக் குழாயையும் வைத்து இவர் காய்ச்சுவார். சூளையில் எப்போதும் புகை வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு தடவை காய்ச்சியதை மறுபடியும் காய்ச்சுவார். பிறகு கெராங் சிப்பியைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதைச் சாராயத்தில் போட்டு மூடிவைப்பார். சுட்ட சுண்ணாம்பு சாராயத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். தண்ணீர் போனால்தான் பெட்ரோலோடு ஒட்டுமாம். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோலே கிடைக்காமல் கித்தா என்கிற ரப்பரைக் காய்ச்சி அந்த எண்ணெயில் லோரி ஓட்டிய மனிதர் அவர். அதனால் எதைக் கண்டாலும் இது டேங்குக்கு ஆகுமா என்றுதான் பார்ப்பார். ஒரு தடவை கோயிலில் விளக்கெண்ணெயைப் பார்த்த பார்வையில் பண்டாரம் குடத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

பெட்ரோல் பாதி, சாராயம் பாதி. அதுதான் பெயர்க்காரணம்.

இதில் எது லாபம் என்று எனக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு. நான் கணக்குப் படித்தவன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா?

"அண்ணே, வெறகுச் செலவு இருக்கு. கள்ளு தூக்கிட்டு வர்ற கூலி இருக்கு. ரெண்டு ராத்திரி நீங்க முழிச்சிருக்கீங்க. எல்லாத்தையும் கூட்டுனா பெட்ரோலே மலிவுலா."

"நான் முழிச்சிருக்கிறதுக்கு யாரு காசு கேட்டா? அதைக் கொண்டுபோயி ஏன் லோரி தலையில வைக்கிறே?"

"சரி, இழுவை? ஏத்தத்துல உங்க வண்டியை நண்டு முந்துது."

"முந்தட்டும். நண்டு கொப்பரை ஏத்துமா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கலப்பு எண்ணெயில் சமதரையில் லோரி நன்றாகவே ஓடியது. இன்ஜின் சூடு கொஞ்சம் குறைவு என்றும் சொல்வார். ஆனால் காலையில் கிளம்புவதற்கு அடம் பிடிக்கும். மழை நாளில் சுத்தமாக மறுத்துவிடும். ஏற்றம் வந்தால் இழுவை போய்விடும். போன தூரத்துக்குக் குடித்த அளவும் அதிகம். கிளம்பிய பிறகோ, பின்னால் இருக்கும் குழாயிலிருந்து வெடி வெடிக்கும். ராசா ஊருக்குப் போகும் வழியில் காட்டிலிருந்து சுடுவார்கள் என்று எல்லோரும் பயந்த காலத்தில் பாதிப்பாதி பயமில்லாமல் போய் வந்ததற்கு வீரம் காரணமில்லை. அவர் லோரி வரும் சத்தத்தைக் கேட்டால், அங்கே ஏற்கெனவே சண்டை நடக்கிறது என்று இரண்டு தரப்பும் ஒதுங்கிவிடும்.

ஒரு நாள் போலீஸ் தடுப்பில் இந்த வெடிச் சத்தம் கேட்டு, காவலுக்கு நின்ற அத்தனை பேரும் கால்வாயில் குப்புறப் படுத்துவிட்டார்கள். எழுந்து வந்த மலாய்க்கார சார்ஜன் சேற்றைத் துடைத்துக்கொண்டு லோரியைச் சோதனை போட்டார். அரிசி கிடைக்கவில்லை. டின் கிடைத்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"அப்பா இனி?" என்றார். இது என்ன என்று அர்த்தம்.

"மிஞ்ஞாக், துவான். லோரி எண்ணெய்" என்றார் பாதிப்பாதி.

சார்ஜன் மறுபடி முகர்ந்தார். "சம்சு!"

"சம்சுவும்தான் துவான். பாதிப்பாதி."

சாராயம் என்றால் பறிமுதல் செய்ய வேண்டும். எண்ணெய் என்றால் சீட்டைப் பார்த்து விட்டுவிட வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் என்ன சட்டம் என்று சார்ஜனுக்குத் தெரியவில்லை. கடைசியில் டின்னை நீட்டி, குடித்துக் காட்டு என்றார். பாதிப்பாதி கையைக் கூப்பிவிட்டார். தான் அதைத் தொடுவதில்லை, தன் லோரிக்கு மட்டும்தான் பழக்கம் என்று மலாயில் விளக்கினார். சார்ஜன் லோரியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

அவர் தொடுவதில்லை என்பது முழு உண்மை. ஆனால் டின்னிலிருந்து டேங்குக்கு மாற்ற ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார். எண்ணெய் ஏறியதும் குழாயை டேங்கில் விட்டுவிட்டுத் துப்புவார். இதனால் அவர் அருகில் வந்தாலே கள்ளுக்கடைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். கண்ணும் பெட்ரோல் ஆவியில் சிவந்திருக்கும். இதைத் தெரிந்தவர்கள் நாங்கள் சிலர்தான். தெரியாதவர்கள் மூக்கைத்தானே நம்புவார்கள்?

இந்த மூக்குப் பிரச்சினை அவர் கல்யாணத்தில் வந்து நின்றது.

ராசா பக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு தோட்டம் இருந்தது. கித்தாப் பாலை உறையவைக்கும் திராவகத்தை மாதாமாதம் பாதிப்பாதிதான் அங்கே கொண்டுபோய் இறக்குவார். இந்தக் கலப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வழியில் ஒரு நாள் ரோடு அடைத்திருக்கிறது என்று சுற்றுப்பாதையில் போய், வேறொரு தோட்டத்து மேட்டில் லோரி நின்றுவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் கூட்டமாகத் தள்ளினார்கள். அதில் செல்லம்மா என்ற பெண், "ஏங்க, வண்டி உங்களுதா, இல்ல நாங்க தள்ளித் தள்ளி எங்களுதாயிருச்சா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பிக்கும் மனிதர், அன்றிலிருந்து மாதாமாதம் அந்தச் சுற்றுப்பாதையிலேயே போக ஆரம்பித்தார். செல்லம்மாவுக்கும் விருப்பம்தான். லோரி தள்ள வேண்டிய அவசியம் இல்லாத நாளிலும் அவள் மேட்டில் வந்து நின்றாள் என்பதே சாட்சி.

சிக்கல் அவள் அப்பா. அந்தத் தோட்டத்துப் பெரிய மண்டோர். வேலையாட்களை மேய்ப்பது அவருக்குத் தொழில். கள்ளை ஒழிப்பது உயிர். தோட்டங்களில் கள்ளுக்கு எதிராகக் கூட்டமும் கோஷமும் கிளம்பிய காலம் அது. அந்த வட்டாரத்தில் அதற்கு அவர்தான் தலைவர். குடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதைவிடக் கிணற்றில் தள்ளலாம் என்று மேடையிலேயே பேசியவர்.

பாதிப்பாதிக்கு உறவுக்காரர்கள் என்று யாரும் இங்கே இல்லை. அதனால் பெண் கேட்க நானும் லோரியின் கெலிண்டன் மூக்கனும் போனோம். கெலிண்டன் என்றால் லோரியில் கூடப் போய் மூட்டை ஏற்றி இறக்கும் ஆள். மூக்கனுக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். ஓயாமல் வெற்றிலை போடுவார். லோரியைத் தவிர இந்த உலகத்தில் வேறு விஷயம் இருப்பதாக அவர் கருதியதில்லை.

மாப்பிள்ளை லோரியை நிறுத்திவிட்டு, திரும்பிப் போக டேங்கை நிரப்பிவிட்டு வருகிறேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டார். கூச்சம். நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். தேத்தண்ணியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. நான் ஒரு பெரிய துண்டை வாயில் போட்ட நேரம் பார்த்து மண்டோர் மூக்கனிடம் திரும்பினார்.

"பெரியவரே, நேராவே கேக்குறேன். டிரைவரு தண்ணி போடுவாரா?"

நமக்கெல்லாம் தண்ணி போடுவது என்றால் குடிப்பது. மூக்கனுக்கோ, தண்ணி போடுவது என்றால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது.

"போடாம?" என்றார் மூக்கன், பெருமையாக. "காலையில எந்திரிச்சதும் மொத வேலையே அதாங்க."

என் வாயில் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மண்டோர் குரல் இறங்கியது. "எவ்வளவு போடுவாரு?"

"ஒரு வாளி."

"வாளியா?"

"பழசாயிருச்சுல்லங்க, உள்ளுக்குள்ள ஓட்டை. எவ்வளவு போட்டாலும் நிக்காது."

"வழியிலயுமா?"

"ஏத்தம் வந்தா நிறுத்தி நிறுத்திப் போடுவாரு. போடலைன்னா தலையில புகை வந்துருமே."

"நீங்க பெரிய மனுசன், கூடவே இருக்கீங்க. வேணாம்னு சொல்லக் கூடாதா?"

மூக்கனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் எதுக்குங்க வேணாங்கிறேன்? நான்தானே கொண்டாந்து ஊத்திக் குடுக்குறது!"

கிழங்கை ஒருவழியாக விழுங்கி, "ஐயா, அது ரேடியேட்டருக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். சற்று முன்தான் குழாயை உறிஞ்சியிருக்கிறார். கண் சிவப்பு. வாயைத் திறந்து "வணக்கம்" என்றார். வணக்கத்துக்கு முன்னால் வாடை போய்ச் சேர்ந்தது.

மண்டோர் எழுந்துவிட்டார். "இனிமே இந்த வாசலை மிதிக்காதீங்க" என்றார். அடுப்படிக் கதவோரம் நின்ற செல்லம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

அந்த மாதம் முழுவதும் பாதிப்பாதி யாருடனும் வழக்காடவில்லை. பெட்ரோல் அளக்கும்போது நானே வலியப் போய், "அண்ணே, கலப்புதான் லாபம்போல" என்று சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார்.

அடுத்த திராவகச் சவாரிக்கு முதல் நாள் ஒரு முடிவோடு வந்தார். "கிராணித் தம்பி, நீயும் வா. மண்டோர் கண்ணு முன்னாடி டின்னைத் தொறந்து டேங்குல ஊத்தி வண்டியை எடுத்துக் காட்டுறேன். குடிக்கிறது நானா லோரியான்னு அவரே பாக்கட்டும்."

நல்ல யோசனைதான். கெடுத்தது மறுபடியும் மூக்கன். கெராங் விற்கும் சீனர் ஊரடங்கினால் சில வாரங்களாக வரவில்லை. சிப்பி இல்லை, அதனால் சுட்ட சுண்ணாம்பும் இல்லை. கல்யாணம் தன்னால் முறிந்ததே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த மூக்கன், யாரிடமும் சொல்லாமல் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் சாராய டின்னில் வழித்துப் போட்டுவிட்டார். சுண்ணாம்பு சுண்ணாம்புதானே என்பது அவர் எண்ணம். வெற்றிலைச் சுண்ணாம்பு தண்ணீர் விட்டுக் குழைத்தது. அது எந்தத் தண்ணீரை உறிஞ்சும்? தன்னிடம் இருந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் வேலை முடிந்து ஆட்கள் எல்லாம் லயத்துக்கு வந்திருந்தார்கள். பாதிப்பாதி லோரியைக் கோயில் திடலில் நிறுத்தி மண்டோரைக் கூப்பிட்டார். மண்டோர் வந்தார், பின்னாலேயே தோட்டமே வந்தது. குழாயடியில் செல்லம்மா வாளியோடு நின்றாள். வாளி நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை.

பாதிப்பாதி டின்னைத் திறந்து எல்லோருக்கும் முகரக் காட்டினார். கூட்டத்தில் பல பேர் இரண்டு தடவை முகர்ந்தார்கள். பிறகு மளமளவென்று டேங்கில் ஊற்றினார். மூக்கன் முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுற்றினார். லோரி ஒரு தடவை விக்கியது. அதோடு சரி. சுற்றினார், சுற்றினார். ஒன்றும் இல்லை.

மண்டோர் நிதானமாகக் கேட்டார்: "வண்டி குடிக்க மாட்டேங்குதே. அப்ப குடிக்கிறது யாரு?"

திடலே சிரித்தது. பாதிப்பாதி லோரிக்கு அடியில் குனிந்தார். டேங்குக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேலே மெல்லிய கோடாகப் பெட்ரோல். கீழே கலங்கலாகச் சாராயம். இரண்டும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் போல விலகி நின்றன.

"பிரிஞ்சுருச்சு" என்றார். எழவு வீட்டில் பேசுகிற குரல். "தண்ணி எப்படிண்ணே வந்துச்சு?"

மூக்கன் மெதுவாகக் காலிச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் காட்டினார். பாதிப்பாதி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லோரிக்கு அடியில் ஊர்ந்து போனார். "எல்லாரும் சுருட்டை அணைங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு டேங்கின் அடிமூடியைத் திறந்துவிட்டார்.

சாராயம் கொட்டியது. அருவி மாதிரி கொட்டியது.

அந்த நேரத்தில் அந்தத் திடலைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒருவர் "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டே அழுதார். இரண்டு பேர் லயத்துக்கு ஓடிச் சிரட்டை எடுத்து வந்தார்கள். கள்ளொழிப்புக் கூட்டத்தில் கொடி பிடித்த ஒருவர் விரலால் தொட்டு நக்கி, பெட்ரோல் ருசிக்காகத் துப்பி, லோரிக்காரன் பரம்பரையையே திட்டினார். லோரிக்கு அடியிலிருந்தோ சந்தோஷமான குரல் வந்துகொண்டிருந்தது.

"வுடு, வுடு, ஓடட்டும்! சனியன் புடிச்ச தண்ணி! எல்லாம் போவட்டும்! பெட்ரோல் வருதா பாரு மூக்கண்ணே!"

மண்டோர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குடிக்கிறவன் முகத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லா முகத்தையும் பார்த்து முடித்துக் கடைசியில் குனிந்து, லோரிக்கு அடியில் எண்ணெயும் மண்ணுமாகச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தையும் பார்த்தார்.

குழாயடியிலிருந்து செல்லம்மா குரல் வந்தது. "அப்பா, குடிகாரன் எவனாச்சும் தொறந்து வுட்டுட்டுச் சிரிப்பானா?"

பெட்ரோல் வந்ததும் மூடியை இறுக்கினார்கள். மூக்கன் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். லோரி இருமாமல், வெடிக்காமல், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக உறுமியது.

ஊரடங்குக்குள் திரும்ப வேண்டும் என்று நாங்கள் அவசரப்பட்டோம். மண்டோர் வந்து லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தைப்பூசம் கழிச்சுப் பரிசம் போடலாம். ஆனா ஒண்ணு. மாப்பிள்ளை குடிக்காம இருந்தா மட்டும் பத்தாது. வண்டியும் விடணும்."

நான் எவ்வளவு சொல்லியும் அசையாத மனிதர், "விட்டுருச்சுங்க மாமா" என்றார்.

கல்யாணம் நடந்தது. லோரியும் சத்தியத்தைக் காப்பாற்றியது. அவசரகாலம் முடிந்து, பெட்ரோல் கூண்டைக் கழற்றி, நான் சுங்கை பெசாருக்கு மாற்றலாகிப் பல வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தேன். பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய வழக்கை முடித்துவிடலாம் என்று கேட்டேன்.

"அண்ணே, இப்ப மறைக்காம சொல்லுங்க. எது லாபம்? பெட்ரோலா, கலப்பா?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பெட்ரோல்தான் தம்பி. செலவும் கம்மி, இழுவையும் ஜாஸ்தி. இது எனக்கு மொத மாசமே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குண்ணே கூடக் கூடச் சண்டை போட்டுட்டு, கண்ணு செவக்கச் செவக்கக் காய்ச்சுனீங்க?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ அளந்து குடுத்த பெட்ரோல் தோட்டத்து வேலைக்கு. சுத்துப்பாதையில செல்லம்மாவைப் பாக்கப் போறது என் சொந்த சோலி இல்லையா? தொரை எண்ணெயிலயா நான் பொண்ணு பாக்கப் போவேன்?"

எவ்வளவோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் காதலுக்குத் தனியாக எரிபொருள் காய்ச்சிய இந்த ஒரு மனிதரை நினைக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.